தொழிற்சாலைக்கு மட்டும் காட்டிய அட்டை

சேசு மரி சூசை துணை.
ஆகஸ்ட் 28

அன்பு மகன் ஓவிதியோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தங்கை டெல்மியும் அவள் குழந்தையும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை இனி உன்னிடம் விசாரித்து என்ன, ஊரில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதி மார்லேனி கையில் கொடுத்தனுப்புகிறேன், உனக்குப் பிடித்த உப்புப் பாலாடைக் கட்டியும் இரண்டு கிலோ இருக்கிறது, வாங்கிக்கொள்.

மழை இந்த வருஷம் பரவாயில்லை, மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது. குழந்தைக்குப் பல் முளைக்கிறது, ராத்திரி பகல் அழுகை. மாவு மில்லுக்காரர் மகள் மார்லேனி பயண அனுமதி வாங்கித் திருவிழாவுக்கு வந்தவள் போன வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வந்தாள். அமெரிக்காவில் உங்கள் கோழித் தொழிற்சாலையில்தானே அவளும் எலும்பு நீக்குகிறாள், உன்னைப் பற்றி நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஆசையாக உட்கார வைத்தேன். காபி கொடுத்தேன், நான் குடிக்கவில்லை. ஏன் அத்தே குடிக்கல என்றாள். ஒருசந்தி நோன்பு, செப்டம்பர் ஒன்பதாம் தேதி ஓவிதியோவின் வேலை அனுமதி முடிகிறதே, புதுசு வரணுமே என்றேன். என் நோட்டையும் காட்டினேன். இருபத்து நாலு வருஷமாக உன் அட்டை ஒவ்வொன்றும் முடியும் தேதியும் அதற்கு நான் இருந்த ஒருசந்தியும் நவநாளும் அதில் வரிசையாக இருப்பது உனக்குத் தெரியும். அவள் சிரித்தாள். அய்யோ அத்தே, ஓவிதியோ அண்ணனுக்கு எதுக்கு ஒருசந்தி, அவருக்குத்தான் போன வருஷம் ஆகஸ்ட்லயே கிரீன் கார்டு வந்துடுச்சே, நான் என் அனுமதி அட்டையத் தூக்கிக்கிட்டு ஆபீஸ்ல அவருக்குப் பின்னாடிதான் நின்னேன், அங்க எல்லார் அட்டையும் சரிபாக்குற கேரல் அம்மா அண்ணன் கார்டத் திருப்பித் திருப்பிப் பாத்து கம்ப்யூட்டர்ல பழைய தேதிய அழிச்சிட்டு, இனிமே நீ அட்டை தூக்கிட்டு என்கிட்ட அலைய வேண்டாம்ப்பா, உன் தொல்லை விட்டுச்சுன்னாங்க, உங்க மூஞ்சியப் பாக்காம எப்படிம்மா இருப்பேன்னாரு அண்ணன், அன்னைக்கு எல்லாருக்கும் கேக்கு, நான் ரெண்டு துண்டு தின்னேன் என்றாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்து வாயை மூடினாள். அவளைத் திட்டாதே, அவளுக்கு என்ன தெரியும்.

மகனே, ஆகஸ்டில் வந்த அட்டை. உன் அப்பா கண்ணை மூடியது அக்டோபர் பத்தொன்பது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவருக்கு நாக்கு குழறிப்போனது, ஆனாலும் தினமும் ஒரே கேள்வி, பயலுக்கு அட்டை வந்துச்சா என்று. நான் உன்னைக் கேட்டேன். இன்னும் வரலம்மா, இப்ப வெளிய வந்தா மனுவே செத்துடும்ன்னு வக்கீல் சொல்றாரு என்றாய். அதை அப்படியே அவர் காதில் சொன்னேன். சரி அப்ப வரவேண்டாம்னு சொல்லு, பயலோட மனு கெட்டுறப் போவுது என்றார். எனக்கு விளங்கும்படி அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஒன்பது நாள் ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லாம் எங்கே மகன் என்றபோது சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது என்று நான் ஆள் ஆளாகச் சொன்னேன். பொய் உன்னுடையது, அதைச் சாகிறவர் காதில் ஓதிய வாய் என்னுடையது.

டெல்மி உன்னைக் கேட்டாளாம். முடிவுத் தேதி இல்லாதவன் என்று ஆனதும் மேற்பார்வை வேலை கொடுத்தார்கள், முதல் மூன்று மாதம் லீவு கிடையாது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துவிட்டேன் என்றாயாம். அதைச் சொல்லியிருக்கக் கூடாதா? மகன் மேஸ்திரியாகிவிட்டான் என்று அந்த ஆஸ்பத்திரி முழுக்க, பக்கத்துக் கட்டில்காரனிலிருந்து ஊசி போடுகிற பெண் வரைக்கும், அந்த மனுஷர் குழறிக் குழறியாவது சொல்லியிருப்பார். சந்தோஷமாகச் செத்திருப்பார். உனக்கு உன் அப்பாவையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை, கேரலை மட்டும்தான் தெரிகிறது.

அப்புறம் மார்லேனி ஒன்று சொன்னாள், கோபத்தில் நான் மறந்துவிடக் கூடாது. தொழிற்சாலையில் காட்டியதோடு வேலை முடியாதாம். அந்த அரசாங்கம் கொடுத்த உன் சோஷியல் செக்யூரிட்டி எண் அட்டையில் அனுமதி இருந்தால் மட்டுமே வேலை என்று அச்சடித்திருக்குமே, அதையும் அவர்கள் அலுவலகத்துக்குப் போய் மாற்ற வேண்டுமாம், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்களாம். போய்ச் செய். முதுகுக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாயா, குளிரறையில் நிற்பவனுக்கு அது வேண்டும்.

உனக்காக இந்த ஒரு வருஷம் இருந்த ஒருசந்தி ஐம்பத்திரண்டு வெள்ளி. வந்த அட்டைக்காக வராத அட்டையென்று நினைத்து இருந்தது. வீணாகிவிட்டதா என்று சாமியாரிடம் கேட்டேன். ஆண்டவர் எதையும் வீணாக்க மாட்டார், தேவைப்படுகிறவர் பேருக்கு மாற்றிவிடுவார் என்றார். நானும் நோட்டில் உன் பேரை அடித்து மார்லேனி பேரை எழுதிவிட்டேன். அவளுடையதும் ஒன்பதாம் தேதிதான் முடிகிறது.

அக்டோபர் பத்தொன்பதில் அப்பாவுக்கு வருஷத் திதிப் பூசை, காலை ஏழு மணி. வா என்று கெஞ்ச மாட்டேன், வராதே என்று சொல்லவும் எனக்கு மனசில்லை. வந்தால் முதலில் என்னிடம் வராதே. நேராகக் கல்லறைக்குப் போய், கேரலிடம் காட்டினாயே அந்த அட்டையை உன் அப்பாவிடம் காட்டு. நான் சொன்னதை நானே போய் மாற்றிச் சொல்ல மாட்டேன், அது உன் வேலை. அவருக்கு எழுத்துத் தெரியாது, நீதான் சத்தமாகப் படிக்க வேண்டும், உன் பேர், ஊர், எல்லாம். அட்டை கொடுத்த தேதியையும் விடாமல் படி.

உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். தேவமாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். பாலாடைக் கட்டியை உடனே குளிர்பெட்டியில் வை.

உன் அம்மா,
ட்ரான்சித்தோ