பழுப்பு நிறம், காது இல்லை

மார்ச் 3, திங்கள்

சர்க்கரை டப்பாவின் மூடியை மறுபடியும் சரியாக மூடவில்லை. உள்ளே எறும்புகள் குடித்தனம் நடத்துகின்றன. இந்த லட்சணத்தில் இவர்களுக்கு நாய்க்குட்டி வேண்டுமாம்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் மாடியிலிருந்து வரிசையாக இறங்கி வந்தார்கள். மகள், மாப்பிள்ளை, பேத்தி. அவர் போன பிறகு எனக்குத் துணையாக இருக்கிறோம் என்று சொல்லி மாடியில் வந்து குடியேறியவர்கள். அன்றிலிருந்து இவர்கள் அணைக்க மறந்த அடுப்பை அணைப்பது நான். யாருக்கு யார் துணையோ.

மாப்பிள்ளைக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆராய்ச்சியாளர். ஒரு குக்கர் வாங்குவதற்கு ஒரு மாதம் படித்தவர் அவர். வாங்கிய குக்கர் இன்றுவரை விசில் அடித்ததில்லை. இன்று மடிக்கணினியைத் திறந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அத்தை, வீட்ல நாய் இருந்தா ரத்த அழுத்தம் குறையுதாம். ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.”

“யாருக்கு? நாய்க்கா?” என்று கேட்டேன்.

“அம்மா, வீடு உன்னோடது. நீ சரின்னு சொன்னா போதும். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்,” என்றாள் மகள். ரோஜாச் செடிகள் வாங்கியபோதும் இதையேதான் சொன்னாள். அந்தத் தொட்டிகளில் இப்போது துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறாள்.

பேத்திக்குப் பத்து வயது. வால் என்றுதான் கூப்பிடுவோம். தலையைப் படிய வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றாள். கேட்க வரும்போது எப்படி வரவேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் ஒருத்திக்காவது தெரிந்திருக்கிறது.

தெருக்கோடி நாய் டாக்டர் வீட்டில் குட்டிகள் பிறந்திருக்கின்றன. ஒன்றை எங்களுக்காக மாதக் கடைசி வரை வைத்திருப்பாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் கேட்டவுடன் பதில் சொன்னால் மரியாதை இருக்காது.

மார்ச் 4, செவ்வாய்

நான் படித்த கான்வென்டில் தையல் வகுப்பில் முதலில் துணியைத் தரமாட்டார்கள். காகிதத்தைக் கொடுத்து, நூல் கோக்காத ஊசியால் தைக்கச் சொல்வார்கள். துளைகள் நேராக விழுந்தால்தான் துணி. என்னுடையவை நேராக விழுந்தன.

ஆகவே இவர்களுக்கும் காகிதம்தான்.

பீரோவுக்கு மேலே இருந்த அவருடைய ஆபீஸ் தோல் பையை இறக்கினேன். பழைய துண்டில் இரண்டு செங்கற்களைச் சுற்றி உள்ளே வைத்தேன். குட்டியின் கனம் ஏறக்குறைய அதுதான் இருக்கும். மூவரையும் அழைத்து, பையை மேஜைமேல் வைத்தேன்.

“இதுதான் நாய். காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போக வேண்டும். தண்ணீர் மாற்ற வேண்டும். வீட்டில் தனியாக விடக்கூடாது. முக்கியமாக, என்னை ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பதினைந்தாம் தேதி முடிவு சொல்வேன்.”

“பையைத் தூக்கிட்டுத் தெருவுல வாக்கிங் போகச் சொல்றியா? பாக்கறவங்க என்னம்மா நினைப்பாங்க?”

“நாய் அவர்கள் வாசலில் காலைத் தூக்கும்போது என்ன நினைப்பார்களோ, அதையேதான்.”

ஆராய்ச்சியாளர் பையின் நான்கு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கம் தலை என்று யோசித்திருப்பார். வால் மட்டும் கேட்டாள்: “பாட்டி, பேரு வைக்கலாமா?”

“முதலில் தேறுங்கள்.”

மார்ச் 6, வியாழன்

காலை நடைக்கு வால் மட்டும் போனாள். மகளுக்குத் தலைவலி. ஆராய்ச்சியாளருக்கு மீட்டிங். சாக்குச் சொல்லாதது செங்கல் ஒன்றுதான்.

மார்ச் 8, சனி

மகள் நாயைக் காரில் வைத்து, ஏசி போட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தாள். வெயில் ஆகாதாம். யாருக்கு என்று கேட்டேன்; கார் சாவியோடு மாடிக்குப் போய்விட்டாள்.

கிண்ணத்தில் நேற்றைய தண்ணீர் அப்படியே கிடந்தது. நான் மாற்றி வைத்தேன். கொசு வரும் என்பதற்காக.

மார்ச் 9, ஞாயிறு

ஆராய்ச்சியாளர் கடைக்குப் போய் மெத்தை, கழுத்துப் பட்டை, நாய்களுக்கான பற்பசை எல்லாம் வாங்கி வந்திருக்கிறார். தன் பற்பசைக்கு ஒரு நாளும் மூடி போடாத மனிதர். பட்டையைப் பையின் கைப்பிடியில் மாட்டிப் பார்த்துவிட்டு, “லூசா இருக்கோ?” என்று மனைவியிடம் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவருக்குக் கல்யாணம் பேச வந்தபோது இருபது பேர் கூடி உட்கார்ந்தோம். ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மாலை நடை முடிந்து பை மெத்தைமேல் இருந்தது. அதே பழுப்பு. ஆனால் கொக்கி பளபளத்தது. அவருடைய பையின் கொக்கி பளபளத்து எத்தனையோ வருடமாயிற்று.

நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கான்வென்ட் மதர் அப்படித்தான். தப்பு செய்தவளைக் கேட்கமாட்டார், அவள் எதிரில் உட்கார்ந்து பூ பின்னிக்கொண்டிருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஆராய்ச்சியாளர் மூன்று தரம் தண்ணீர் குடித்தார்.

வால் வந்தாள். பையை ஒரு கையால் தூக்கினாள். உடனே கீழே வைத்தாள்.

“இது நம்மளுது இல்ல.”

“அதேதான்டா கண்ணு. அப்பா பாலிஷ் போட்டேன்.”

“கனமே இல்லப்பா.”

பாலிஷாம்! செங்கல்லுக்கும் சேத்து பாலிஷ் போட்டியா என்று நாக்கு நுனி வரை வந்தது. எழுந்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீட்டில் வேறு பையே இல்லையா? ஏன் அதைப் போய் எடுத்துக் கொடுத்தேன்? தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் அதைக் கதவுக்குப் பக்கத்தில் தொப்பென்று வைப்பார் — அந்தச் சத்தம் கேட்டுத்தான் அடுப்பில் பாலை வைப்பேன். போச்சு. இந்த மாப்பிள்ளை எங்க போய்த் தொலைச்சானோ, அதைச் சொல்லக்கூட வாயில்ல.

மார்ச் 12, புதன்

மகள் தனியாக வந்தாள். முகத்தைப் பார்த்தவுடனேயே விஷயம் தெரிந்துவிட்டது.

“அவரு வேணும்னு பண்ணலம்மா. காலைல நாயைக் கூட்டிட்டு மெயின் ரோடு பேக்கரிக்குப் போயிருக்காரு. ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ன்னு போர்டு இருந்துச்சாம். அதனால வெளியில கம்பில கட்டிட்டு உள்ள போனாராம்.”

“செங்கல்லையா?”

“நீதானே அதை நாய்னு சொன்ன?”

மேலே சொல் என்றேன்.

ரொட்டியை வாங்கிக்கொண்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாராம். ஆபீஸ் போன பிறகுதான் ஞாபகம். ஓடி வந்து பார்த்தால் கம்பியில் பை இல்லை.

“கடையில் கேட்டானா?”

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “என்னன்னு கேக்கறதும்மா? நாயைக் காணோம்னா? பையைக் காணோம்னா? ஏன் கட்டினேன்னு கேட்டா என்ன சொல்றது? வெக்கமா இருந்துச்சாம்.”

ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, அதே மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்து, பழைய பேப்பரைத் திணித்துக் கொண்டுவந்திருக்கிறார். நாளைக்கு நிஜக் குட்டி தொலைந்தாலும் இதைத்தானே செய்வார்? அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிப் பாலிஷ் போட்டேன் என்பார்.

தேர்வு முடிந்தது, நாய் கிடையாது என்றேன். டாக்டரிடம் சொல்லிவிடச் சொன்னேன். படிக்கட்டில் சின்னக் கால்கள் மேலே ஓடும் சத்தம். கேட்டிருக்கிறாள்.

மார்ச் 13, வியாழன்

இந்தத் தெருவில் இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன். இன்றோடு சரி.

எங்கள் கேட்டிலிருந்து தெருமுனை வரை ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் காகிதம். நான்கு மூலையும் பசை. நடுவில் ஒரு பை, அதற்கு ஒரு வால், கீழே இப்படி:

‘காணவில்லை. பழுப்பு நிறம். காது இல்லை. கடிக்காது. தாத்தாவுடையது. பாட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை. பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.’

அதன் கீழே என் போன் நம்பர்.

சாப்பிடுவதில்லையாம். சுத்தப் பொய். மத்தியானம் ஒரு ரொட்டி சாப்பிட்டேன்.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஒரு மனிதர் கேட்டார்: “என்ன ஜாதிங்க?”

“தோல்,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்னொரு பெண்மணி, தபாலாபீஸ் பக்கம் பழுப்பு நிறத்தில் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னாள். “காது இருந்ததா?” என்று கேட்டேன்.

நானா கேட்டேன்? எனக்கு என்ன ஆகிவிட்டது?

மார்ச் 14, வெள்ளி

பள்ளி விட்டதும் வால் நேராக என்னிடம் வந்தாள். கையெல்லாம் பசை. “பாட்டி, பேக்கரிக்கு மெயின் ரோட்டைத் தாண்டணும். என்னைத் தனியா விடமாட்டாங்க. நீங்க வந்து கேக்கறீங்களா?”

இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கினேன்: செவ்வாய்க்கிழமை காலை இங்கே ஒரு தோல் பை விடப்பட்டதாக அறிகிறேன். கௌரவமான வாக்கியம். யாரும் எதுவும் நினைக்க முடியாது.

கடையில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தது. கல்லாவில் இருந்த அம்மாள், “என்ன வேணும்மா?” என்றாள். வால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க நாயைக் காணோம்,” என்றேன். “வெளியில கம்பில கட்டியிருந்தோம்.”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“அய்யோ பாவமே. என்ன நிறம்மா?”

“பழுப்பு. காது கிடையாது.”

யாரோ சிரித்தார்கள். அப்போது பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல்.

“என் நாய்தாங்க அது. நான்தான் கட்டினேன். நான்தான் மறந்துட்டுப் போனேன்.”

ஆராய்ச்சியாளர். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாராம். அன்றிலிருந்து தினமும் அங்கே வந்து நின்று, உள்ளே நுழையத் தைரியம் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். கோழை. “அத்தை, நீங்க கேக்க வேணாம். நான் கேக்கறேன்,” என்றார். காது சிவந்திருந்தது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்த அம்மாள் உள்ளே போய், மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். மேலெல்லாம் மாவு. கொக்கியில் பளபளப்பு இல்லை.

“இதுவா! மழை வர்ற மாதிரி இருந்துச்சுன்னு உள்ள எடுத்து வச்சேன். என்னா கனம்! உள்ள என்னங்க இருக்கு?”

“செங்கல்,” என்றார் அவர்.

“நாய்,” என்றேன் நான்.

திரும்பி வரும்போது அவர்தான் தூக்கிக்கொண்டார், மார்போடு சேர்த்து. ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் இரண்டு தரம் பார்த்தார். வால் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சட்டையில் மாவு ஒட்டும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

முடிவு சொல்ல வேண்டிய நாள். அப்பன் பொய் சொன்னான். அம்மா ஏசியில் நாய் வளர்த்தாள். பெண் ஊரார் கம்பத்தில் பசை தடவினாள். துளை ஒன்றுகூட நேராக இல்லை.

ஆனால் நாய் வளர்க்கிறவர்களுக்கு வெட்கம் இருந்தால் ஆகாது. நேற்று மூன்று பேர் வெட்கத்தை விட்டோம். மகள் ஒருத்திதான் பாக்கி. போஸ்டர்களையெல்லாம் கிழித்து வா என்று அனுப்பினேன். பட்டப்பகலில், கார் இல்லாமல். கம்பத்துக்குக் கம்பம் யாராவது நின்று, “கிடைச்சிடுச்சா?” என்று விசாரித்தார்களாம். “கிடைச்சிடுச்சுங்க,” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு திரும்பினாள்.

டாக்டருக்கு நானே போன் செய்தேன். இவர்கள் பேசினால் உளறுவார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

வந்துவிட்டது. சகிக்கவில்லை. முகத்தைவிடக் காது பெரிது.

ஏப்ரல் 2, புதன்

குட்டி கால்மிதியை நனைத்துவிட்டது. ஆராய்ச்சியாளர் புத்தகத்தைப் புரட்டி, இதற்கு எந்த அத்தியாயம் என்று தேடினார். நான் துடைத்து முடித்த பிறகு கண்டுபிடித்தார். இந்தக் குடும்பம் தயாராக இல்லை. என்றைக்கும் தயாராகாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாடியில் யாரும் இல்லை. என்னை ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதி இன்னும் அமலில்தான் இருக்கிறது. அவர்கள் பக்கத்து வீட்டு அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார்கள். நான்தான் அவளைத் திருப்பி அனுப்பினேன். அவளுக்குச் சுத்தம் போதாது.

இதை எழுதும்போது மேஜைக்கு அடியில் குட்டி அவருடைய பையின் வாரை மென்றுகொண்டிருக்கிறது. பாதி போய்விட்டது. பையைத் தன் மெத்தைக்கு இழுத்துப்போகப் பார்த்தது, அசையவில்லை. என்னைப் பார்த்து ஒரு தரம் குரைத்தது. மரியாதை தெரியாத பிராணி.

குனிந்து, செங்கற்களை எடுத்து வெளியே வைத்தேன்.