ஞாயிற்றுக்கிழமைப் பச்சை விளக்கு

12-1-98, திங்கள்

விதுரை வரை பஸ், அப்புறம் ஜீப். கூனிப்பாறை டிரஸ்ட் டிஸ்பென்சரிக்குக் கரண்ட் கம்பி வந்து சேர இன்னும் பத்து வருஷமாவது ஆகும். தடுப்பூசி ஃபிரிட்ஜ் ஓடுவது எங்கள் கம்பெனி வைத்த சோலாரில்தான். ஆசிட் வாடை தாங்கவில்லை என்று நர்ஸ் எலிசாள் சொன்னதால் பாட்டரியைப் பின்வராந்தாவுக்கு மாற்றிக் கொடுத்தேன். பாட்டரிக்குப் போகும் கரண்ட்டை அளந்து விடும் சார்ஜ் கன்ட்ரோலர் சுவரில் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதற்குக் கீழே காலியான மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துக்கொள்ளச் சொன்னேன். சிரிஞ்சு வேகவைக்க இடமில்லாமல் பாவம் தவித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டரியின் சூட்டைப் பார்க்கும் சென்ஸர் வயர் மட்டும் வராந்தா வரை எட்டவில்லை. அழகாகச் சுருட்டிக் கன்ட்ரோலருக்கு அடியில் ஆணியில் மாட்டினேன். நாலு மணி ஜீப்பை விட்டால் வேறு கிடையாது.

"அந்த வயரு சும்மா தொங்குதே, சாரே?"

அது உங்களுக்கு வேண்டாத விஷயம் என்றேன்.

9-2-98

விடிகாலையில் ஃபிரிட்ஜ் நின்றுபோகிறதாம். ஒரு பெட்டி போலியோ மருந்து வீண். போய்ச் சேர மணி ஒன்று. பார்த்தால் கன்ட்ரோலரில் பச்சை விளக்கு! சிவப்பு என்றால் பாட்டரி பசியோடு வாங்குகிறது, மஞ்சள் என்றால் நிதானமாக வாங்குகிறது, பச்சை என்றால் வயிறு நிறைந்துவிட்டது, இனி சொட்டுச் சொட்டாகத்தான். நிறைந்த பாட்டரி விடிவதற்குள் எப்படிக் காலியாகும்? எதற்கும் இருக்கட்டும் என்று கன்ட்ரோலரை மாற்றிவிட்டு வந்தேன். முதுகு விட்டுப்போயிற்று.

18-2-98, புதன்

மறுபடியும். புதுக் கன்ட்ரோலர், அதே கதை. சீ.

எலிசாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். பச்சை விளக்கு வரும் நேரத்தைத் தினமும் எழுதி வைத்திருக்கிறாள். மற்ற நாள்களில் பத்தரை. டிஸ்பென்சரி அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரெண்டேகால். "ஞாயிறு ராத்திரி மட்டும் ஃபிரிட்ஜ் நிக்கல்ல, சாரே. அதென்னண்ணு பாருங்க."

பார்த்தேன். பத்தரைக்கே நிறைகிறது, அதைவிட என்ன வேண்டும்? டிஸ்பென்சரியிலேயே தங்கியிருக்கும் இவள் ஞாயிறு ராத்திரி மட்டும் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். ஆள் இல்லாத ராத்திரி பாட்டரி தாங்குகிறது, ஆள் இருக்கும் ராத்திரி தீர்கிறது. இதற்குமேல் என்ன சொல்ல?

"டிவி ஏதாவது ஓடுதா?"

அவள் முகம் மாறிவிட்டது. "உள்ள கேறிப் பாருங்க சாரே. ஒரு லைட்டு உண்டு, வேற ஒண்ணும் இல்ல."

மறைத்து வைத்திருப்பாள்.

20-2-98

டிரஸ்டுக்கு ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. 'கருவிகளில் பழுதில்லை. பொறுப்பில் இருப்பவர் மின்சாரத்தை வேறு தேவைக்கு எடுத்து வருவதாகத் தெரிகிறது.'

அனந்தலக்ஷ்மி படித்துவிட்டு, "அவ எடுத்ததை நீங்க பார்த்தேளா?" என்றாள். பெண்டாட்டிக்குக் கூட நான் கணக்குச் சொல்ல வேண்டுமா? கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

7-3-98

எலிசாளை அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷ வேலை.

17-3-98, செவ்வாய்

டிரஸ்ட் காரியதரிசி கோமதிநாயகம் ஃபோன் செய்தார். "வே நீலகண்டன், மறுபடியும் ஃபிரிட்ஜ் நிண்ணுட்டுதாம். புது நர்ஸு ஷெமி வந்து பத்து நாள் ஆகல்ல. அவளும் திருடியா?"

ஃபோனை வைத்ததும் கிளம்பிவிட்டேன். விதுரையில் லாட்ஜில் இருந்து இதை எழுதுகிறேன். நாளை முதல் ஜீப்.

18-3-98, புதன்

எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஆசிட்டின் கனத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டரை இன்றுதான் கொண்டுபோனேன். அதை ஏன் முதலிலேயே கொண்டுபோகவில்லை? ஆசிட்டைப் பார்த்தால் பாட்டரி பாதிகூட இல்லை. கன்ட்ரோலரில் சிவப்பு. சரி.

ஒன்பதரைக்கு ஷெமி ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சிரிஞ்சு பாத்திரத்தை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள். பத்தரைக்குப் பச்சை! பாட்டரி இன்னும் பாதிதான். வெளியே வெயில் கொளுத்துகிறது, பானலில் இருந்து உள்ளே போவது ஒரு சொட்டு. ஆவி சுவரோடு ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே, ஆணியில், நான் அழகாகச் சுருட்டிய வயர். தொட்டேன். கை சுட்டது.

பாட்டரி சூடாகிவிட்டது என்று நினைத்துக் கன்ட்ரோலர் ஊட்டுவதைக் குறைத்திருக்கிறது. அது செய்தது சரி. பாட்டரி வராந்தாவில் சில்லென்று பசியோடு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டவ் எரியாது. அதனால்தான் ரெண்டேகால். அது ஒன்றுதான் நிஜமாக நிறைந்த நாள்.

எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. எத்தனை பெரிய முட்டாள் நான். முட்டாள் மட்டும்தானா? ஒருத்தியைத் திருடி என்று எழுதினேனே.

ஒரு முழ வயர் ஒட்டுப்போட்டு, சென்ஸரைப் பாட்டரி மேலேயே ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை. அன்றைக்கே செய்திருக்கலாம். ஜீப் போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம்.

ராத்திரி பழைய பக்கத்தைப் புரட்டினேன். "அந்த வயரு சும்மா தொங்குதே." என் கையெழுத்திலேயே இருக்கிறது.

20-3-98

என் கடிதத்தைக் கோமதிநாயகம் இரண்டு தடவை படித்தார். 'பிழை முழுவதும் என்னுடையது. நர்ஸ் எலிசாள் மேல் நான் எழுதியது பொய்.' அவர், "மெஷினு கேடுண்ணு மாத்தி எழுதித் தாரும்வே. உம்ம வேலைக்கும் கேடில்ல," என்றார். மெஷின் கேடில்லை, நான்தான் கேடு என்றேன். திரும்ப அழைத்துக்கொள்வார்களா? கமிட்டி கூடித்தான் முடிவு செய்ய வேண்டுமாம். எங்கள் கம்பெனியில் என்னை இனிச் சைட்டுக்கு அனுப்பப் போவதில்லை.

22-3-98, ஞாயிறு

ஷெமியிடம் ஃபோனில் விசாரித்துக்கொண்டு பாறசாலைக்குப் போனேன். எலிசாள் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கடிதத்தின் நகலைப் படித்தாள். முழுக்கப் படித்தாள். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்தேன்.

அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"பச்சை இப்ப எத்தன மணிக்கு வருது?"

"நேத்திக்கு ரெண்டேகால்."

"நேத்திக்குச் சனி அல்லவா? ஸ்டவ்வு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

தலையை ஆட்டினாள். கடிதத்தை நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். உட்காரச் சொல்லவில்லை. பஸ் வரும்வரை ரோட்டில் நின்றிருந்தேன்.