பெசேதா, பியெஷாதா, கதை

3 மார்ச் 1986, லாண்ட்ஷூட்
மழை. முகாமுக்கு வரும் ரொட்டி வண்டி இருபது நிமிடம் பிந்தியது. என் அகதி மனுவின் நிராகரிப்புக் கடிதத்தை ஜெயமலர் இன்று முழுதாகத் தமிழில் எழுதித் தந்தார். இங்குள்ள மருத்துவமனையில் ஆறு வருடமாக வேலை செய்கிறவர். ஜெர்மனில் அவருக்குப் பிழை வராது. மூன்றாம் பக்கம், இரண்டாம் பந்தி:

‘தம் செய்திகளை மற்றவர்களோடு சேர்ந்து புனைந்து எழுதியதாக மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளார். எனவே தாம் தேடப்படுவதாக அவர் கூறுவதும் நம்பத்தக்கதல்ல.’

யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் நிருபர் வேலை. சந்தையில் ஆமி சுட்டுச் செத்தவர்களின் பெயர்களை ஆறு சாட்சிகளிடம் கேட்டு, ஒத்துப் பார்த்து, பிறகே அச்சுக்குக் கொடுத்தேன். அதற்காகத்தான் ஆமி வீட்டுக்கு வந்தது.

“நான் இப்பிடிச் சொல்லேல்லை” என்றேன்.

“விசாரணைத் தாளிலை கிடக்கு அண்ணை. கீழை உங்கட கையெழுத்தும் கிடக்கு.”

கிடக்கிறதுதான். மேன்முறையீட்டு விசாரணை ஜூன் 12. தோற்றால் கொழும்புக்கு விமானம். பிழை எங்கே நடந்தது என்று காட்டுங்கள், இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் ஏலாது என்கிறார் வழக்கறிஞர். காட்டுவேன்.

9 மார்ச், ஞாயிறு
அறைத்தோழர் மரேக் இன்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு போத்தலும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். ரொட்டி வண்டி யானெஸ் விருந்துக்கு அழைத்திருக்கிறாராம். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். விருந்து ஒன்றும் இல்லை. ரொட்டிப் பெட்டிகள் இரண்டு குறைகின்றன, அதுபற்றி ஒரு சொல் பேச வேண்டும் என்றுதான் யானெஸ் கூப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னது ‘பெசேதா’. ஸ்லோவேனியரான அவருக்கு அது ‘சொல்’. போலந்துக்காரரான மரேக்கின் காதில் விழுந்தது ‘பியெஷாதா’ — விருந்து.

பசியோடு வந்தவர், “இனி அவன் கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்” என்றார். நான் சோறு போட்டுக் கொடுத்தேன். உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

11 மார்ச்
நகர நூலகம். கேள்விப்பட்டதைச் சரிபார்க்காமல் விட முடிவதில்லை. ஸ்லாவ் மொழிகளுக்கான சொற்பிறப்பு அகராதி ஒன்று ஜெர்மனில் இருந்தது. கையகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் தாண்ட மூன்று மணி நேரம்.

இருவர் சொன்னதும் சரி. அது மட்டுமல்ல: ரஷ்யருக்கு அதே சொல் உரையாடல். செர்பியருக்கு மேடைப் பேச்சு. செக்கியருக்குக் கூடிப் பேசும் நிகழ்ச்சி. வேர் ‘வெளியே’, ‘அமர்தல்’ என்ற இரண்டு துண்டுகளாம். வெளியே கூடி உட்கார்ந்தவர்களில் ஒரு பிள்ளைக்குப் பேச்சு கிடைத்தது, இன்னொரு பிள்ளைக்குச் சாப்பாடு.

படியில் இறங்கும்போது நின்றுவிட்டேன். முதல் விசாரணை அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? கருத்தை அல்ல, சொற்களை —

‘கண்ட ஆக்களோட கதைச்சுத்தான் எழுதினனான்.’

மொழிபெயர்த்தவர் இந்தியத் தமிழர்.

12 மார்ச்
கதைச்சு. கதை கட்டி. ஒரு அங்குலம்கூட இடைவெளி இல்லை.

13 மார்ச்
என் பிழையும் உண்டு. ஒரு மீன்காரர் சொன்னதைக்கூட அவருக்குத் திரும்ப வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பியவனில்லை. என்னுடைய வாக்குமூலத்தின் அடியில் மட்டும், களைப்பாக இருந்தது, எல்லாம் சரி என்று சொன்னார்கள், கையெழுத்து வைத்துவிட்டேன். ஏன்? யாரிடம் கோபிக்க?

20 மார்ச்
மாவட்டத்தைத் தாண்ட அனுமதித் தாள் கிடைத்தது, இன்று ஒரு நாளுக்கு மட்டும். ம்யூனிக் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் கார்ஹிங். மொழிபெயர்த்த சுவாமிநாதன் அங்கே இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். வயது இருபத்தைந்து இருக்கும். என்னை அடையாளம் கண்டதும் எழுந்து நின்றார்.

அந்த வசனத்தை மெதுவாகச் சொன்னேன்.

“ஆமா சார், கதைச்சு எழுதினேன்னீங்க. கதை கட்டி எழுதினதா எடுத்துக்கிட்டேன். நீங்களே ஒத்துக்கறீங்களேன்னு எனக்கே ஆச்சரியமா இருந்தது.”

“எங்கட ஊரிலை கதைக்கிறதெண்டால் பேசுறது, தம்பி.”

“அப்போ பேசினேன்னே சொல்லியிருக்கலாமே சார்?”

“பேசினதெண்டால் ஏசினது.”

சிரித்தார். பிறகு கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை வாசித்தார். சிரிப்பு நின்றது.

பிழை தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் இனி அந்த அலுவலகம் தன்னைக் கூப்பிடாது, பேராசிரியர் காதுக்கும் போகும் என்றார். உண்மைதான். நான் மறுக்கவில்லை. என் வசனத்தை ஒரு தாளில் எழுதி, கீழே ஜூன் 12 என்று தேதியும் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கெஞ்சினால் எழுதியிருப்பார். கெஞ்சி வாங்கிய சாட்சி நீதிமன்றத்தில் நிற்காது.

2 ஏப்ரல்
கடிதம் இல்லை.

9 ஏப்ரல்
இல்லை. யாழ்ப்பாண நாளிதழ்களிலிருந்து, ‘கதைத்தல்’ பேசுதலாக வரும் பதினான்கு இடங்களை வெட்டி ஒட்டினேன். அவர் எழுதாவிட்டாலும் இது இருக்கும்.

18 ஏப்ரல்
சுவாமிநாதனின் கடிதம், இரண்டு பக்கம், தட்டச்சில். பிழை தன்னுடையது என்று முதல் வரியிலேயே இருக்கிறது. சாட்சி சொல்ல வருவாராம். பேராசிரியரிடம் தானே சொல்லிவிட்டாராம்.

12 ஜூன்
விசாரணை ஐம்பது நிமிடம். புதிய மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்தவர். மரேக்கின் விருந்தைப் பற்றி நீதிபதியிடம் சொல்லட்டுமா என்று வழக்கறிஞரைக் கேட்டேன். வெட்டி ஒட்டியவை போதும் என்றார்.

தாய்மொழியே உங்களுக்கு விளங்கவில்லையா என்று நீதிபதி சுவாமிநாதனைக் கேட்டார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன், அதுதான் பிழை என்றாராம். ஜெர்மனில் நடந்த அதை ஜெயமலர் பின்வரிசையிலிருந்து கேட்டுவந்து சொன்னார்.

வெளியே சுவாமிநாதனுக்குக் கை கொடுத்தேன். 

3 ஜூலை
தீர்ப்பு வந்தது. அகதியாக அங்கீகரிக்கப்பட்டுள்ளேன். ‘புனைந்து’ என்று இருந்த இடத்தில் ‘பேசி’ என்று திருத்தியிருக்கிறார்கள். சுவாமிநாதனுக்குத் தந்தி அடித்தேன்.

6 அக்டோபர்
நகர அலுவலகத்தில் பயணப் பத்திரம் தந்தார்கள். ஜெயமலர் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“சொல்லுங்கோ.”

“எல்லா நாட்டுக்கும் செல்லும் அண்ணை. இலங்கையைத் தவிர.”

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். திருத்த ஒன்றுமில்லை. கையெழுத்து வைத்தேன்.