சூலத்தில் கட்டிய கார் நம்பர்

திருவானைக்காவல்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி அன்புச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் ரஞ்சனியும் குட்டி இளவேனிலும் சுகமாக இருக்க வேண்டும், இந்தத் தடவை அதைக் கொஞ்சம் பயந்துகொண்டே கேட்கிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்திலேயே நின்று கேட்பார், அதனால்தான் கடிதம்.

எதிர்வீட்டு ஜெபராஜ் இன்னமும் நம் கேட்டை மறித்துத்தான் வண்டி நிறுத்துகிறார், அவர் கணக்கு தனி, அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். இது மாம்பழச்சாலை சிக்னலில் தினமும் வரும் ஒரு வெள்ளைக் கார்க்காரன் விஷயம். நாங்களெல்லாம் வெயிலில் வரிசையாக நிற்போம், அவன் மட்டும் இடது பக்க மண்ணில் ஏறி வந்து எல்லாருக்கும் முன்னால் மூக்கை நுழைத்து வலது பக்கம் திரும்புவான். போன மாதம் அப்படி நுழைந்தபோது என் ஸ்கூட்டியில் உரசி நான் விழுந்தேன், முழங்கை தேய்ந்து, வாங்கிவந்த தோசைமாவு முழுக்க ரோட்டில். அவன் கண்ணாடியை இறக்கி, "பாத்து வரக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போயே போய்விட்டான். என்னைப் பார்த்துக் கேட்கிறான், பாவி. நம் வீட்டு கேஸ் நம்பர்கூட எனக்கு மனப்பாடம் இல்லை, அவன் கார் நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே உறையூர் வெக்காளியம்மனிடம் போனேன். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறவள், ரோட்டில் நிற்கிறவர்கள் வயிற்றெரிச்சல் அவளுக்குத் தெரியும். அங்கே எல்லாரும் கட்டுகிற வேண்டுதல் சீட்டில் அந்த நம்பரை எழுதி, இந்தக் கார் நடுரோட்டில் நிற்க வேண்டும், இவன் பெற்ற பிள்ளை வண்டியிலிருந்து விழுவதை இவன் பார்க்க வேண்டும் என்று எழுதிச் சூலத்தில் இறுக்கிக் கட்டினேன். பிள்ளையை எதற்கு இழுத்தேன் என்று கேட்காதே, அப்போது அவ்வளவு ஆத்திரம்.

மனசு குளிர்ந்து வெளியே வந்தால் அப்பா போன், மாத்திரை எங்கே என்று. அவசரத்தில் கிளம்பினேன், சந்து முனையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நானும் இடது பக்க மண்ணில் ஏறி முன்னால் நுழைந்தேன், தம்பி. மொபெட்டில் வந்த ஒரு பெண் சுவரோரம் சாய்ந்துவிட்டாள், பின்னால் இருந்த குழந்தைக்கு முட்டியில் ரத்தம். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "பாத்து வரக் கூடாதாம்மா?" அந்தப் பெண் பேனாவை எடுத்து என் வண்டி நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அவள் வண்டிக் கூடையில் எலுமிச்சை மாலை இருந்தது, கோயிலுக்குத்தான் போகிறாள்.

மறுநாள் ஓடிப்போய் என் சீட்டைத் தேடினேன், அத்தனை சீட்டில் எதைக் கண்டுபிடிக்க? பூசாரி கட்டியதை அவிழ்க்கக் கூடாது, வேண்டுமானால் இன்னொன்று எழுதிக் கட்டுங்கள் என்றார். எழுதினேன். அவன் பிள்ளையை விட்டுவிடு தாயே, காருக்கு நாலு டயரும் ஸ்டெப்னியும் சேர்ந்து பஞ்சரானால் போதும் என்று. அதற்குமேல் என்னால் இறங்க முடியாது.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று மாம்பழச்சாலையில் அந்தக் கார் டயர் இறங்கி நடுரோட்டில் நின்றது, அவன் வேர்த்து விறுவிறுத்து ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். ஆற்றுப் பாலத்தில் பாதி தாண்டும்போதுதான் உறைத்தது. என் சீட்டு பலிக்கிறதென்றால் அந்தப் பெண்ணின் சீட்டும் பலிக்குமே. அவள் என்ன எழுதினாளோ. நான் பெற்ற பிள்ளை நீ ஒருவன்தான்.

அதனால் பௌர்ணமி வரைக்கும் மெல்போர்னில் காரைத் தொடாதே, ரயிலிலோ பஸ்ஸிலோ வேலைக்குப் போ. ரஞ்சனியிடம் பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று சொல்லிக்கொள். உறையில் குங்குமம் வைத்திருக்கிறேன், குழந்தைக்கு முதலில் வை. அம்மன் உங்கள் மூவரையும் கண்போல் காக்கட்டும், என்னிடம் கேட்க வேண்டியதை என்னிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் வரிசையில் நிற்கும் உன் அம்மா
ஆனந்தவள்ளி