கரையாத ஜெல்லி

செவ்வாய், காலை 8:10
கோமதி, மருத்துவ ஆய்வாளர். சுற்றுப்பாதை நிலையத்தில் எட்டு மாதமாக நான் ஒருத்திதான். காலையில், எலும்பு தேயாமலிருக்கத் தரும் ஜெலட்டின் ஜெல்லி ஒரு பொட்டலம் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தேன். ஜெலட்டின் குடலில் துண்டு துண்டாகும்; சில சிறு துண்டுகள் அப்படியே குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும். அவற்றோடு வரும் ஹைட்ராக்சிப்ரோலின் என்ற அமினோ அமிலம்தான் நமக்கு அடையாளம். அதன் அளவு மாதாமாதம் ஏறுகிறது. முட்டைகூட நுழையாத வீட்டில் பிறந்தவள், மாட்டெலும்புச் சரக்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதற்குப் பலன்.

செவ்வாய், காலை 11:40
தரையிலிருந்து தலைமை மருத்துவர்: "அருமையா ஏறுது கோமதி. ஜெலட்டின் நல்லா சேருது. ஓட்டப் பயிற்சி இனி வேண்டாம், வெள்ளிக்கிழமை இறங்கற வேலையப் பாருங்க."
நல்லதாய்ப் போயிற்று. ஓடும்போது மிதந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் வார்ப்பட்டை தோளைப் பிய்க்கிறது. பயிற்சியை ஏற்கெனவே பாதியாகக் குறைத்திருந்தார்கள்.

புதன், காலை 9:25
ஒரு பொட்டலம் ஜெல்லி தவறுதலாக உணவு சூடாக்கும் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. உருவம் மாறவில்லை. ஜெலட்டின் என்றால் உடம்புச் சூட்டிலேயே தண்ணீராக வேண்டும். நேற்றுக் காலைக்குப் பிறகு ஜெல்லி தொடவில்லை. ரத்தம் பார்த்தேன். இன்னும் ஏறியிருக்கிறது. சாப்பிடாமல் எப்படி ஏறும்? தரையைக் கேட்டிருக்கிறேன்.

புதன், பகல் 1:05
தரையிலிருந்து உணவுப் பிரிவு பக்கீர் மைதீன்: "மேடம், நீங்க சைவமாச்சே, மனசு கேக்கல. அதான் கடல்பாசில செஞ்சு வச்சேன். நோன்புக்கு எங்க வீட்ல செய்யறதுதான். ஜெலட்டின் துளி கிடையாது, நிம்மதியா சாப்பிடுங்க."
நல்ல மனுஷன். கோபப்படக்கூட முடியவில்லை. கடல்பாசியில் ஹைட்ராக்சிப்ரோலின் கிடையாது. எலும்பு கரைந்தாலும் அதுதான் வரும்; அப்படியானால் ரத்தத்தில் இருப்பது என் எலும்பு. எடையில்லாத இடத்தில் அது கரையக் கரைய, நாங்கள் அருமை அருமை என்று பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வியாழன், மாலை 4:30
இந்த எலும்பு பூமியின் இழுப்பைத் தாங்காது, இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்று கெஞ்சினேன். தலைமை மருத்துவர்: "ஆக்சிஜன் சனிக்கிழமை வரைக்கும்தான்மா. இறங்கித்தான் ஆகணும். மன்னிச்சிடுங்க." எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளி, காலை 6:52
இறங்குகலத்தில் எழுதுகிறேன். கதவைத் திறப்பவர்களுக்கு: என்னைத் தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். படுத்திருக்கும் பலகையோடு எடுங்கள்.
எடை ஏறுகிறது. மூச்சு விடச் சிரமம். பென்சில் கனக்கிறது.
இப்போது இருமினேன். டக் என்று ஒரு சத்தம். பெல்ட் கொக்கி என்று நினைத்தேன்.
கொக்கி பூட்டியபடியே இருக்கிறது.
மறுபடி. இந்த முறை நான் இருமவே இல்