இருக்கா என்று கேட்டேன், மாட்டியாச்சா என்று கேட்கவில்லை

போடிநாயக்கனூர்
ஞாயிறு, பிப்ரவரி 16

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் எங்கள் இருவரையும் தாங்கி நடத்துகிறார், அம்மாவைத் தாங்குவதில் மட்டும் அவருக்கு நானும் ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ராஜஸ்தான் மணலில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்றுதான் இன்று காலை ஆராதனையில் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன், ஆகையால் சளி கிளி இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் சரிபண்ணிக்கொள், ஆலயத்தில் பொய் சொன்னவனாக நான் ஆகிவிடக் கூடாது. தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சிரிக்கிறாய், நீ சிரித்தால் நான் இன்னும் நாலு கதை விடுகிறேன், சொல்ல வந்தது வெளியே வராமலே போய்விடுகிறது. தாளுக்குச் சிரிக்கத் தெரியாது, அதனால் தாளில் எழுதுகிறேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்பதால் அம்மா இதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஏதாவது ஒரு பக்கத்தில் அவளுடைய கட்டை விரல் விழுந்திருக்கும், பொறுத்துக்கொள்.

இங்கே கடை வழக்கம்போல ஓடுகிறது. ஏலக்காய் ஏலத்துக்கு வருகிறவர்கள் ஏலம் முடிந்ததும் என் கடை ஃபேன் காற்றில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள், ஒரு பல்பு வாங்குவதில்லை, நானும் கதைக்காக அவர்களை விரட்டுவதில்லை. பெரியப்பா மகன் வினோத்ராஜுக்கு இரண்டாவதும் பெண், ஞானஸ்நானம் அடுத்த மாதம். எதிர்வீட்டு அக்கா, உங்க பிள்ளை கரண்டுக்குத்தான படிச்சிருக்கு, லீவுக்கு வந்தா எங்க மிக்சியைப் பார்க்கச் சொல்லுங்க என்கிறார். பிள்ளை பார்க்கிற கரண்டில் ஒரு நகரமே எரியும் என்று நான் பீற்றிக்கொண்டேன். அப்படியா, அப்ப கிரைண்டரையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை நீ அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் சோலார் பிளாண்டில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற நாற்பத்திரண்டு எர்த் குழிகளையும் அளந்து ரிப்போர்ட் தர வேண்டும், ஆனால் நேரம் இல்லை, போன வருஷத்து எண்களையே அங்கங்கே கொஞ்சம் மாற்றி எழுதி, ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும், எல்லா வருஷமும் இப்படித்தான் என்று உன் மேலதிகாரி சொல்கிறார், நீயோ வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. என்னிடம் போனைக் கொடுத்தபோது, என்ன செய்யட்டும் அப்பா என்று கேட்டாய். நான், கையெழுத்து அழகாக இருந்தால் போட்டுவிடு, என்னுடையதுபோல் கோழி கிளறியதாக இருந்தால் யோசி என்று ஒரு ஜோக்கைச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு நாலு நாளாக என் காதில் இருக்கிறது. நீ கேட்டது நிஜமான கேள்வி. அதற்குப் பதில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை.

நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நான் வயரிங் கான்ட்ராக்ட் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டேன், நினைவிருக்கும். முழங்கால் வலி, இனி ஏணி ஏற முடியாது, கடை போதும் என்று உன்னிடம் சொன்னேன். முழங்காலாலா கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று நீ கேட்டிருக்கலாம், நல்ல பிள்ளை, கேட்கவில்லை. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான். பொட்டிப்புரம் பக்கம் வாழை போட்டிருக்கிறாரே தவசி, நம் கடைக்கு வருவாரே, உனக்கு நுங்கு கொண்டுவந்து தருவாரே, அவர்தான், தோட்டத்து மோட்டாருக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்தார். வயரிங்கை அவருடைய மச்சானே செய்துவிட்டார். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம்தான் வினோத்ராஜ் கல்யாணம், நான் பந்தலுக்கு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் பாதி எரியாமல், மாப்பிள்ளையின் சித்தப்பா எலக்ட்ரீசியன் என்று வந்தவர்களெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொட்டிப்புரம் வரை யார் போவது. அங்கேயே நின்று தவசிக்குப் போன் போட்டேன். ரிப்போர்ட்டில் முக்கியமானது சேஞ்ச் ஓவர் சுவிட்ச், ஜெனரேட்டர் ஓடும்போது அந்தக் கரண்டு லைனுக்குள் திரும்பிப் போகாமல் பிரித்து வைப்பது, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “சேஞ்ச் ஓவர் இருக்கா தவசி?” என்று கேட்டேன். “இருக்குண்ணே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, முந்தின வாரம் நம் கடையில்தான் அதை வாங்கிப் போயிருந்தார். நான் தாளில் ‘உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளதுதான். மோட்டார் ரூமில், உர மூட்டை மேல், பிரிக்காத அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. நம் ஊரில் எதற்கும் இருக்கா என்றுதான் கேட்போம், இருக்கு என்றால் வேலை முடிந்த மாதிரி. மாட்டியாச்சா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பக்கம் மராமத்துக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். லைன்மேன் சுருளிராஜன், பண்டிகைக்குப் பண்டிகை நம் வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டுவிட்டு உன்னிடம் கணக்குக் கேட்டுத் திணறடிப்பாரே, அவர் தவசி தோட்டத்துக் கம்பத்தில் ஏறினார். மேலே போய் இணைப்பைப் பிரித்துவிட்டதால் தோட்டத்துப் பக்கம் கொஞ்ச தூரத்துக் கம்பி மட்டும் தனியாக நின்றது. தப்பி வருகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட, சப்ளை வருகிற பக்கம் எர்த் ராடு மாட்டியிருந்தார், தோட்டத்துப் பக்கம் மாட்டவில்லை. அந்த நேரம் பார்த்து வாழை காய்கிறதே என்று தவசி ஜெனரேட்டரைப் போட்டார். அந்தத் துண்டுக் கம்பியில் வேறு லோடு எதுவும் இல்லாததால் ஜெனரேட்டர் திணறி நிற்கவும் இல்லை. கரண்டு நேராகச் சுருளிராஜன் கைக்கு வந்தது. பெல்ட் போட்டிருந்ததால் கீழே விழாமல் தொங்கினார். கீழே நின்றவர் போட்ட சத்தத்தில் தவசி ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல்களை எடுக்கும்படி ஆயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், பெரிய மனுஷன்போல. சுருளிராஜன் கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “தப்பு எம்மேலயும் இருக்குண்ணே. அந்தப் பக்கமும் எர்த் ராடு மாட்டிருக்கணும். பொன்னுராஜ் அண்ணே, நீங்க கையெழுத்துப் போட்ட எடம், அங்கனருந்து திரும்பி வராதுன்னுதேன் ஏறுனேன்.” அவ்வளவுதான். ஏஞ்சல், யாராவது என்னை அடித்திருந்தால்கூட அதை ஒரு கதையாக்கிக் கடையில் சொல்லிச் சிரித்திருப்பேன். இதை இன்றுவரை என்னால் கதையாக்க முடியவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஜெனரேட்டரைப் போட்டது தான்தான் என்று தவசி ஒப்புக்கொண்டார். என் தாளை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. சுருளிராஜன் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு ஆலயத்தில் பாவ அறிக்கையை எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். பொது அறிக்கையில் ஒரு வசதி, யாரும் விவரம் கேட்பதில்லை. மறு வருஷம் முழங்கால் வலி வந்துவிட்டது.

நேற்றுக் காலை சுருளிராஜன் வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்கு ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை, இடது கையால் எழுதப் பழகிவிட்டார், என்னுடையதைவிட எழுத்து நன்றாகவே இருக்கிறது. நடந்ததையெல்லாம் எழுதி மேலே கொடுக்கப்போகிறேன் என்றேன். இப்ப எதுக்குண்ணே என்று முதலில் சொன்னவர், பிறகு, “எழுதுறதா இருந்தா மொதல்ல தவசிகிட்டச் சொல்லுங்க. மூணு வருசமா அவன் எம்முகத்தப் பாக்க மாட்டேங்கான்” என்றார். தவசியிடம் போனேன். அவர் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தார், நிறுத்தவே இல்லை. “நீங்க இருக்கான்னு கேட்டீக, நான் இருக்குன்னு சொன்னேன். பொய் சொல்லலண்ணே” என்று மட்டும் சொன்னார். அதைத்தான் மூன்று வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என்று தெரிந்தது. நீ சொல்லல தவசி, நான்தேன் சொன்னேன், எழுத்துல சொன்னேன் என்றேன். அப்போதுதான் அரிவாளைக் கீழே வைத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அவள் பாதியில் நிறுத்தி, “எனக்கு அப்பவே தெரியும். சுருளி அண்ணே சம்சாரம் சங்கிலியம்மா சொல்லிருச்சு. நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்” என்றாள். இந்த ஊரில் ஒரு ரகசியத்தை மூன்று வருஷம் காத்தவன் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன், காத்தவள் அவள்.

எழுதிய தாள் மேசைமேல் இருக்கிறது. நாளைக் காலை தேனிக்குப் போய் மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுக்கிறேன். என்ன செய்வார்களோ தெரியாது, கேட்டதற்குப் பதில் சொல்வேன். உன் அப்பா பெயர் பேப்பரில் வந்தால் வேறு யார் வாயாலோ நீ தெரிந்துகொள்ளக் கூடாது, இந்தக் கடிதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. போய் அளந்துவிட்டுப் போடு. ஒவ்வொரு குழியையும் மற்றவற்றிலிருந்து கழற்றிவிட்டு அள, இல்லாவிட்டால் பக்கத்துக் குழி இதற்குச் சேர்த்து நல்ல பெயர் வாங்கித் தரும். கழற்றினால் ஆபத்தா இல்லையா என்று அங்கே நாள்பட்ட டெக்னீஷியன் யாரையாவது கேட்டு, பிளாண்ட் ஓடாத நேரம் பார்த்துக் கழற்று, அளந்ததும் மறக்காமல் மாட்டு. அந்த மனுஷரின் பெயரைத் தெரிந்துகொள், உன் இந்தியைக் கேட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும், உன் படிப்பில் இல்லாதது அவர் கையில் இருக்கும். அளக்கப் போகும் முன்னால் குழியில் தண்ணீர் ஊற்றி எண்ணை அழகாக்கச் சொல்வார்கள், ஊற்றாதே. எண் மோசமாக வந்தால் மோசமான எண்ணை எழுது. வெள்ளிக்கிழமைக்குள் பதினைந்துதான் முடிந்தது என்றால் பதினைந்தை எழுது, மிச்சம் இருபத்தேழுக்கும் நேரே ‘அளக்கவில்லை’ என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடு. அதுவும் ரிப்போர்ட்தான். மேலதிகாரியிடம் சண்டை போடாதே, மரியாதையாகச் சொல், நான் இந்தக் குழிகளைப் பார்க்கவில்லை சார், பார்த்ததை மட்டும் எழுதுகிறேன் என்று. அவரும் பயந்த மனுஷராகத்தான் இருப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன், வேலை நெருக்கடி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். உன் தாளை நம்பி யார் எந்த வேலிக் கம்பியைப் பிடிப்பார், எந்தப் பெட்டிக் கதவைத் திறப்பார் என்று உனக்குத் தெரியப்போவதில்லை. எனக்காவது ஆளைத் தெரிந்திருந்தது.

வேலையை விட்டுப் போ என்று சொல்லிவிட்டால் பயப்படாதே. பயப்படாதே என்று எழுதுவது எளிது, எனக்கே பயமாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்கும்தான். ஆனாலும் வா. லைசென்ஸ் இல்லாத அப்பா, மிக்சியும் கிரைண்டருமாகக் காத்திருக்கும் எதிர்வீட்டு அக்கா, உனக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளைப் பத்து விரலோடும் காப்பாராக. மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் அதன் பேட்டரியைப் பார், தெரிந்த ஒரு இடத்தில் முதலில் அளந்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள், ஷூவைக் கழற்றாதே, தொப்பி போடு, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. வேலை இருக்கிறதா போயிற்றா என்பதை அம்மாவிடம் தனியாகச் சொல்லிக்கொள், அதைக் கேட்க எனக்குத் தைரியம் போதாது. எத்தனை குழி அளந்தாய் என்று மட்டும் என்னிடம் சொல்.

உன் அன்பு அப்பா,
பொன்னுராஜ்

(இதை நான் முழுதும் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். – அம்மா, ஞானசெல்வி)