ஆன்ஜேர் மண்டபத்தில் நான் பேசியது

6 மார்ச் 1910, ஞாயிறு

பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நானும் தோழி ஒதீலும் சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் துண்டறிக்கை கொடுத்தோம். நாடு கடத்தப்பட்ட பிரெஞ்சு அரசரைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடும் எங்கள் அரசர் கட்சி இளம்பெண்கள் சங்கம் இப்படித் தெருவில் நிற்பது இதுதான் முதல்முறை. குடியரசுக்காரரான பள்ளி ஆசிரியர் நின்று, "உங்க ராஜா எந்த ரயில்லம்மா வர்றார்?" என்றார். "நீங்க வழிவிட்டா அடுத்த ரயில்லயே" என்றாள் ஒதீல். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

8 மார்ச்

அப்பாவும் நம் கட்சிதான். ஆனாலும், "பூ கட்டுங்க, ஏழைங்களுக்குத் துணி தைங்க. பேசறதுக்கு ஆம்பளைங்க இருக்காங்க" என்கிறார். கூட்டத்துக்கு நான் போனால் தான் வரப்போவதில்லையாம். போவேன்.

12 மார்ச், சனி

பாரிசிலிருந்து வந்த பேச்சாளரை, ரயிலடியில் நடந்த கைகலப்புக்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மண்டபம் நிறைந்த கூட்டம் பொறுமையிழந்து தரையை உதைக்கிறது. சங்கத் தலைவி மதாம் பிரெசே என் தோளைப் பிடித்தார்.

"ஸொலாஞ்ஜ், நீ பேசு."

"நானா? மதாம், பொம்பளைங்க போய் மேடையில..."

"ஆம்பளை இப்ப லாக்கப்புல இருக்கான். ஏறுடி."

ஏறினேன். சொந்த மண்ணில் கால் வைக்க அரசருக்கே தடை, அது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். "போய் சமையலைப் பாரும்மா" என்று ஒரு குரல். "சமைச்சு வெச்சிட்டுத்தான் வந்தேன், ஐயா. ஆறுறதுக்குள்ள முடிச்சிடுறேன்" என்றேன். சிரிப்பிலும் கைதட்டலிலும் மண்டபமே அதிர்ந்தது. அதன்பின் என்ன பேசினேன்? பாதி நினைவில்லை. பயம் மட்டும் எங்கோ போய்விட்டது.

13 மார்ச்

அப்பா எனக்காகக் காத்திராமல் தனியாகவே பூசைக்குப் போய்விட்டார்.

15 மார்ச்

கட்சியின் ஆண்கள் குழு கூடி முடிவெடுத்துவிட்டதாம்: பெண்கள் இனி மேடையேறக் கூடாது. என்ன மனுஷங்க இவங்க? அன்னைக்குக் கைதட்டினது யாரு? அழுதுகொண்டே மதாமிடம் ஓடினேன். அவர் காப்பியைக் கலக்கியபடி, "மேடையிலதானே ஏறக்கூடாது? ஸோமூர் ஊர்க் கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. தரையில நின்னு பேசு" என்றார்.

20 மார்ச், ஞாயிறு

ஸோமூருக்குக் கிளம்பினேன். ரயிலடியில் அப்பா நின்றிருந்தார், தொப்பியும் கைத்தடியுமாக. தடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அன்னைக்குக் கடைசி வரிசைக்குச் சரியா கேக்கலை. இன்னும் கொஞ்சம் ஓங்கிப் பேசு" என்றார்.

எனக்கு முன்பாகவே பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.